பத்தில் ஒரு பங்கு ஆட்டம்

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அலுமினியம் 660-ல். செம்பு 1,085-ல். டங்ஸ்டன் 3,422-ல். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அட்டவணையாகக் கிடக்கும் எண்கள். ஏன் இந்த எண்கள் என்று கேட்டால், "அணுப் பிணைப்பு வலுவாக இருந்தால் உருகுநிலை கூடும்" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். தப்பான பதில் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு வலுவான பிணைப்பும் ஒரு கட்டத்தில் தோற்கத்தானே செய்கிறது? அந்தக் கட்டம் எது?

1910-ல் இதற்கு ஒரு விடை கிடைத்தது. கேட்டவுடன் "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும் விடை. அது பாதிதான் சரி. ஆனால் அந்தப் பாதியும் அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல.

ஒரு ஈயத் துண்டு மேசையில் சும்மா கிடக்கிறது. உள்ளே ஒவ்வொரு அணுவும் தன் இடத்தை மையமாக வைத்து நொடிக்குச் சுமார் 2 லட்சம் கோடி முறை ஆடிக்கொண்டிருக்கிறது. செம்பில் இது 7 லட்சம் கோடி. வைரத்தில் 40 லட்சம் கோடியைத் தொடும். சூடாக்கினால் அணுக்கள் 'வேகமாக அதிரும்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நொடிக்கு எத்தனை முறை என்ற கணக்கு சூட்டினால் பெரிதாக மாறுவதில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறையவே செய்கிறது. கூடுவது ஆட்டத்தின் அகலம், அதாவது வீச்சு. கெல்வின் கணக்கில் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் வருவது) வெப்பநிலை நான்கு மடங்கானால் வீச்சு இரண்டு மடங்காகும்.

சரி, உருகும் தருணத்தில் இந்த வீச்சு எவ்வளவு? இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். வேண்டியவை அணுவின் நிறை, உருகுநிலை, அப்புறம் டிபை வெப்பநிலை என்று ஒன்று. அணுக்களின் அதிர்வெண்ணை வெப்பநிலை அலகில் சொல்லும் எண் அது. ஈயத்துக்கு 105 கெல்வின், செம்புக்கு 343, அலுமினியத்துக்கு 428, டங்ஸ்டனுக்கு 400.

ஈயத்துக்குப் போட்டால், உருகுநிலையில் ஓர் அணு தன் இடத்திலிருந்து சராசரியாக 0.34 ஆங்ஸ்ட்ராம் விலகுகிறது (ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). பக்கத்து அணு இருப்பது 3.5 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில். விகிதம் 9.7 சதவீதம். அலுமினியத்தில் 0.29, இடைவெளி 2.86, விகிதம் 10 சதவீதம். செம்பில் 0.28, இடைவெளி 2.56, 11 சதவீதம். டங்ஸ்டன் 3,422 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிற உலோகம், ஈயத்தோடு எந்த வகையிலும் ஒட்டாது. அதற்கும் 8.5 சதவீதம்.

உருகுநிலைகளுக்கு இடையே மூவாயிரம் டிகிரிக்கு மேல் வித்தியாசம், ஆனால் ஆட்டத்தின் அளவு எல்லாவற்றிலும் பக்கத்து அணுவின் தூரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. முதல் தடவை இதைக் கையால் கணக்குப் போட்டபோது எங்கோ ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேனோ என்று திரும்பச் சரிபார்த்தேன். விடவில்லை. (டிபை வெப்பநிலையை நான் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தேன். சூடு ஏற ஏற அது சற்றுக் குறையும், ஆகவே உண்மையான விகிதங்கள் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சோடியம் மாதிரி மென்மையான உலோகத்தில் புத்தக மதிப்பிலேயே 14, 15 சதவீதம் வரும்.)

இதைக் கண்டவர் ஃபிரெடரிக் லிண்டமன். பெர்லினில் வால்டர் நெர்ன்ஸ்டிடம் ஆய்வு மாணவராக இருந்த இளைஞர். பிற்காலத்தில் செர்வெல் பிரபு என்ற பெயரில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரானார். 1943 வங்கப் பஞ்சத்தின்போது இந்தியாவுக்குத் தானியம் அனுப்பக் கப்பல்களை ஒதுக்குவதை எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். இயற்பியல் புத்தகங்களில் இந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுவும் சேர்ந்தே நினைவுக்கு வரும், என்ன செய்வது.

1910-ல் அவர் வெளியிட்ட கட்டுரை உருகுநிலையை விளக்க எழுதப்பட்டதே இல்லை. அதன் தலைப்பே மூலக்கூறுகளின் இயல் அதிர்வெண்களைக் கணக்கிடுவது பற்றித்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1907-ல், ஐன்ஸ்டைன் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார்: குளிரக் குளிரத் திடப்பொருள்களின் தன்வெப்பம் (ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்) குறைவதற்குக் காரணம், அணு அதிர்வுகளும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதே. நெர்ன்ஸ்டின் ஆய்வகம் அதைச் சோதித்துக்கொண்டிருந்தது. சோதிக்க ஒவ்வொரு பொருளுக்கும் அதிர்வெண் தெரிய வேண்டும். உலோகங்களில் அதை நேராக அளக்க அன்று வழி இல்லை. உருகுநிலையோ எல்லா உலோகத்துக்கும் தெரியும். ஆக, தெரிந்த உருகுநிலையிலிருந்து தெரியாத அதிர்வெண்ணுக்குப் போகக் குறுக்குவழியாகத்தான் லிண்டமன் இந்தச் சூத்திரத்தைப் போட்டார். பின்னால் வந்தவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு 'உருகல் விதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் மனத்தில் இருந்த படமும் வேறு. ஆட்டம் கூடிக் கூடி அடுத்தடுத்த அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் நிலை வந்ததும் படிகம் உடைகிறது என்று நினைத்தார். அதற்கு வீச்சு இடைவெளியில் பாதி அளவுக்கு வளர வேண்டும். அப்படி நடப்பதில்லை, அதற்கு வெகு முன்பே, பத்தில் ஒரு பங்கிலேயே பொருள் உருகிவிடுகிறது. படம் தப்பு, ஆனால் சூத்திரத்தின் வடிவம் தப்பவில்லை. ஏதோ ஒரு மாறாத விகிதம் என்று வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் சரியாக வரும். 1956-ல் கில்வாரி என்பவர் மோதல் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சராசரி விலகலை வைத்து இதைத் திருத்தி எழுதினார். இன்று பாடமாக இருப்பது அவருடைய வடிவம்தான்.

விலகலை அளந்து பார்க்க முடியுமா என்று கேட்கலாம். முடியும். 1912-ல் மியூனிக்கில் லவே குழுவினர் படிகத்தின் வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்திப் புள்ளிகளைப் பதிவு செய்தார்கள். அணுக்கள் இப்படி ஆடிக்கொண்டிருந்தால் புள்ளிகள் கலங்கிப்போய்விடாதா என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. பீட்டர் டிபை 1913-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்: புள்ளிகள் கலங்காது, கூர்மை அப்படியே இருக்கும், பிரகாசம் மட்டும் குறையும். எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து அணு எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். அந்த ஆட்டத்தின் அகலமோ ஓர் அணுவின் அகலத்தில் சிறு பகுதி. அதை ஒரு புள்ளியின் வெளிச்சத்தை வைத்து அளக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

இயற்பியல் படிக்கும் என் அக்கா மகன் இந்தச் சூத்திரத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல நிறை இருக்கே? கனமான அணுன்னா உருகுநிலை கூடுமா? அப்ப ஈயம் ஏன் இவ்வளவு சீக்கிரம் உருகுது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நிறை சூத்திரத்தில் இருக்கிறது, ஆனால் அதிர்வெண்ணின் வர்க்கமும் கூடவே இருக்கிறது. நிறையை அதிர்வெண்ணின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது பிணைப்பின் விறைப்பு, அதாவது அணுவைத் திரும்ப இடத்துக்கு இழுக்கும் சுருளின் பலம். ஆக, நிறை தானாகவே கழன்று விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது சுருளின் விறைப்பும் அணு இடைவெளியும் மட்டும். எண்களைப் போட்டால் டங்ஸ்டனின் சுருள் ஈயத்தினுடையதைப் போல ஏறக்குறைய 13 மடங்கு விறைப்பு. ஈயம் கனமானது, ஆனால் தொளதொளப்பான சுருளில் மாட்டிய கனம். அதனால்தான் நிதானமாகவும் அகலமாகவும் ஆடுகிறது, சீக்கிரம் எல்லையைத் தொட்டுவிடுகிறது. நிறைக்குப் பங்கு இல்லை என்பதற்குக் கன நீரே சாட்சி. ஹைட்ரஜனின் நிறையை இரண்டு மடங்காக்கியும் பனிக்கட்டியின் உருகுநிலை 0-விலிருந்து 3.8 டிகிரிக்குத்தான் நகர்கிறது. அந்த 3.8-உம் குவாண்டம் சமாச்சாரம்.

இதுவரை எல்லாம் அழகாகப் போகிறது. இனிமேல்தான் சிக்கல்.

பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்வது எனக்குப் பொழுதுபோக்கு. அதில் பாதி வேலை பற்றவைப்பதுதான். கடையில் வாங்கும் சால்டர் கம்பியில் '63/37' என்று போட்டிருக்கும்: 63 பங்கு தகரம், 37 பங்கு ஈயம். தகரம் தனியாக உருகுவது 232 டிகிரியில். ஈயம் 327-ல். இரண்டையும் இந்த விகிதத்தில் சேர்த்தால் 183-ல் உருகிவிடுகிறது. சூடான முனையைக் கம்பியில் வைத்ததும் நடுவில் கூழ் மாதிரி ஒரு நிலையே இல்லாமல், மங்கலாக இருந்தது சட்டென்று பளபளப்பான சொட்டாகி, செம்புத் தடத்தின் மேல் ஓடிப் பரவும். முனையை எடுத்தால் அதே வேகத்தில் இறுகும். இரண்டில் சீக்கிரம் உருகுவதைவிடவும் ஏறக்குறைய 50 டிகிரி முன்னாலேயே இது எப்படி நடக்கிறது?

இறுகிய சால்டரை நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒரே சீரான கலவை அல்ல. தகரப் படிகங்கள் தனியாக, ஈயப் படிகங்கள் தனியாக, அடுத்தடுத்து அடுக்கடுக்காக இருக்கும். தகரப் படிகத்துக்குள் ஈயம் மிகக் கொஞ்சமே நுழைகிறது. ஈயப் படிகத்துக்குள் இந்தச் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை தகரம் போகும். அவ்வளவுதான். 183 டிகிரி என்றால் 456 கெல்வின். அந்தச் சூட்டில் ஈய அணுக்களின் ஆட்டத்தைத் தோராயமாகப் போட்டால் 8.5 சதவீதம் வருகிறது, தனியாக இருந்தால் 9.7 வரை தாங்கியிருக்கும். தகரமும் தன் எல்லைக்கு உள்ளேயேதான் ஆடுகிறது. ஒருவரும் எல்லையை மீறவில்லை. ஆனாலும் இரண்டும் சேர்ந்து உருகிவிட்டன.

இன்னும் துல்லியமான உதாரணம் குல்ஃபி வண்டியில் இருக்கிறது. பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் அது பூஜ்யத்துக்குக் கீழேயே உருகும், −21 டிகிரி வரையிலும். பனிப் படிகம் உப்பைத் தனக்குள் அறவே சேர்த்துக்கொள்வதில்லை. ஆக −10 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியின் மூலக்கூறுகள், வெளியே உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் ஆடுகின்றன. உப்பில்லாவிட்டால் அது திடமாக நிற்கும், இருந்தால் உருகும். அதிர்வை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

லிண்டமனின் விதியில் இருக்கும் ஓட்டை இதுதான். அது திடப்பொருளை மட்டும் விசாரிக்கிறது. மாப்பிள்ளை வீட்டை மட்டும் விசாரித்துவிட்டுச் சம்பந்தம் பேசி முடிப்பது போல. உருகுதலில் திரவமும் ஒரு கட்சி. ஒவ்வொரு வெப்பநிலையிலும் திடத்துக்கும் திரவத்துக்கும் கட்டிலா ஆற்றல் என்று ஒரு கணக்கு இருக்கிறது: ஆற்றல் ஒரு பக்கம், வெப்பநிலையை என்ட்ரோபியால் (அணுக்கள் எத்தனை விதமாகக் கலைந்து கிடக்கலாம் என்பதன் அளவு) பெருக்கிக் கழித்துக்கொள்வது மறுபக்கம். இரண்டு கணக்கும் சமமாகும் இடமே உருகுநிலை. உப்பு கரைந்தால் திரவத்தின் என்ட்ரோபி கூடுகிறது, அதன் கணக்கு இறங்குகிறது, சமன்புள்ளி கீழே வருகிறது. உருகிய தகரமும் உருகிய ஈயமும் கலக்கும்போது நடப்பதும் அதுவே. திடம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எதிராளி பலமாகிவிட்டார்.

அப்படியானால் பத்தில் ஒரு பங்கு என்பது தற்செயலா? இல்லை என்பதே என் கட்சி. ஒரே மாதிரியான எளிய உலோகங்களில் திடத்துக்கும் திரவத்துக்கும் உள்ள உறவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. அதனால் சமன்புள்ளி வரும்போது ஆட்டமும் ஒரே அளவில் இருக்கிறது. உருகுதலுக்குக் காரணம் இந்த எண் இல்லை, உருகும் இடத்தில் தவறாமல் தென்படும் அடையாளம். அடையாளத்துக்கும் பயன் உண்டு. 5,150 கிலோமீட்டர் ஆழத்தில், 33 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில், பூமியின் உள்மையத்து இரும்பு எந்தச் சூட்டில் உருகும் என்று மதிப்பிட நெடுங்காலம் இந்த விதியையே நீட்டிப் பயன்படுத்தினார்கள்.

திடத்தை மட்டும் பார்த்தே உருகுதலை விளக்கிவிடலாம் என்று நம்பியவர் லிண்டமன் மட்டுமல்ல. மாக்ஸ் பார்ன் 1939-ல் வேறொரு வழியில் முயன்றார். திரவத்துக்கு வடிவம் கிடையாது, பக்கவாட்டில் தள்ளினால் எதிர்ப்பும் கிடையாது. ஆகவே எந்தச் சூட்டில் படிகத்தின் விறைப்புக் குணகம் பூஜ்யமாகிறதோ அதுவே உருகுநிலை என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. அளந்து பார்த்தால், உருகுநிலையை நெருங்கும்போது விறைப்பு குறைந்திருக்கிறது, ஆனால் பூஜ்யத்துக்கு அருகில் எங்கும் இல்லை. உருகுவதற்கு ஒரு நொடி முன்பு கூட அலுமினியம் அலுமினியமாகத்தான் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

பார்ன் என்றதும் இன்னொன்று. அவரைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு 1935-ல் அழைத்து வந்தவர் சி.வி. ராமன். பிறகு 1940-களில் படிக அதிர்வுகளைப் பற்றி அந்த இருவருக்கும் கடுமையான சண்டை. படிகத்தில் குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் மட்டுமே உண்டு என்றார் ராமன். தொடர்ச்சியான ஒரு பெரும் பட்டியலே உண்டு என்றார் பார்ன். 1950-களில் கனடாவின் சாக் ரிவரில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் நியூட்ரான்களைச் செலுத்தி அதிர்வுகளை நேரடியாக அளந்தபோது பார்ன் பக்கமே நியாயம் என்று தெரிந்தது. நம்மவர் தோற்ற இடம் இது. நம் ஊரில் இதை அதிகம் பேசுவதில்லை. ஆனால் வைரத்தின் அந்த 40 லட்சம் கோடி அதிர்வைக் கண்ணாடித் தகட்டில் ஒரே கோடாகப் பதிவு செய்ய வழி காட்டியது ராமன் விளைவுதான், அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வி: உருகுதல் எங்கிருந்து தொடங்குகிறது? பரப்பிலிருந்து. மேல்வரிசை அணுவுக்கு ஒரு பக்கம் பிடிக்க ஆளில்லை. அதனால் உள்ளே இருப்பவற்றைவிட அது அகலமாக ஆடும். 1985-ல் ஆம்ஸ்டர்டாமில் ஃபிரெங்கன், வான் டெர் வீன் இருவரும் ஈயப் படிகத்தின் மேல் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். உருகுநிலைக்குச் சில பத்து டிகிரி முன்பே மேல் வரிசைகள் ஒழுங்கு குலைந்து திரவப் படலமாகிவிட்டிருந்தன. சூடு ஏற ஏறப் படலம் தடித்தது. பரப்பே பெரும்பங்காக இருக்கும் பொருள்கள் சீக்கிரம் உருக வேண்டும் அல்லவா? அப்படித்தான். சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள், நகைக்கடைத் தங்கத்தைவிடப் பல நூறு டிகிரி குறைவிலேயே உருகிவிடும்.

பரப்பை அடைத்துவிட்டால்? 1986-ல் அதையும் செய்து பார்த்தார்கள். வெள்ளிப் படிக உருண்டைகளுக்குத் தங்க முலாம் பூசினார்கள். தங்கமும் வெள்ளியும் ஏறக்குறைய ஒரே அணு இடைவெளி கொண்டவை, முலாம் படிகத்தோடு படிகமாகப் பொருந்திக்கொள்ளும். தங்கம் உருகுவது 1,064 டிகிரியில், வெள்ளி 962-ல். உள்ளே இருந்த வெள்ளி தன் உருகுநிலையைத் தாண்டிச் சுமார் 25 டிகிரி சூட்டிலும் ஒரு நிமிடம் உருகாமல் நின்றது. அணுக்கள் வழக்கமான எல்லையைவிட அகலமாகத்தான் ஆடின, ஆனால் திரவம் முளைக்க இடம் கிடைக்கவில்லை.

மறுகோடியில் ஹீலியம். சூடே இல்லாமல் ஆடுகிற பொருள். தனிச் சுழி வெப்பநிலையிலும் குவாண்டம் விதி அதைச் சும்மா இருக்க விடாது, அந்த ஆட்டத்தாலேயே சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் உறைய மாட்டேன் என்கிறது. 1926-ல் லைடனில் கீசோம் அதை 25 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தித்தான் திடமாக்கினார். அந்தத் திட ஹீலியத்தில் அணுக்களின் ஆட்டம் இடைவெளியில் கால் பங்குக்கும் மேல். பத்தில் ஒரு பங்கை எப்போதோ தாண்டியாகிவிட்டது, இருந்தும் அது படிகமாகவே இருக்கிறது.

2025 ஜூலையில் வந்த ஒரு செய்தியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலத்தை 45 ஃபெம்டோநொடி நீளமுள்ள லேசர் துடிப்பால் சுட்டார்கள் (ஆயிரம் ஃபெம்டோநொடி ஒரு பிகோநொடி, லட்சம் கோடி பிகோநொடி ஒரு நொடி). அணுக்கள் எவ்வளவு சூடாயின என்று அறிய எக்ஸ் கதிரைச் செலுத்தி, ஆடும் அணுக்களில் பட்டுச் சிதறும்போது அதன் அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார்கள். வேகத்தை நேரடியாக அளந்துவிட்டால் வெப்பநிலைக்கு வேறு ஊகம் தேவையில்லை. கிடைத்த விடை 19,000 கெல்வின், தங்கத்தின் உருகுநிலையைப் போல 14 மடங்கு. அந்தச் சூட்டில் தங்கம் 2 பிகோநொடிக்கும் மேல் படிகமாகவே இருந்தது. உருகுநிலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் எந்தப் படிகமும் தாங்காது என்று அதுவரை எதிர்பார்த்திருந்தார்கள்.

இவ்வளவு சூட்டில் அது எப்படி நின்றது என்பதற்கு அந்தக் குழுவினர் சொல்லும் விளக்கம், படலம் விரிவதற்கு நேரம் இருக்கவில்லை என்பது. 2 பிகோநொடி எவ்வளவு நேரம் என்று தங்கத்தின் டிபை வெப்பநிலையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். தங்க அணு ஒரு தடவை போய்வர ஏறக்குறைய 0.3 பிகோநொடி ஆகிறது. அதற்குள் ஒவ்வோர் அணுவும் ஏழு தடவை ஆடியிருக்கும்.